மேல் வரிசை, இடது பக்கம், கடைசிப் பல்

ஜூலை 3, புதன்

வெட்கத்தை விட்டு எழுதறேன். இன்னிக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு, ஏசி போட்ட ரூம்ல, நாலு படிச்ச மனுஷங்க முன்னாடி, நான் குறட்டை விட்டுத் தூங்கிட்டேன். சும்மா குறட்டை இல்ல. உள்ளே கதவைச் சாத்திக்கிட்டுப் பேசிட்டிருந்த டாக்டரம்மா பேச்சை நிறுத்திட்டு, யாரோ சுவத்துல டிரில் போடறாங்கன்னு வெளியில வந்து பார்த்திருக்காங்க. டிரில் நான்தான்.

இது டிரிப் நோட்டு. முன்பக்கத்துலேருந்து கிலோமீட்டர், பின்பக்கத்துலேருந்து இது. புது நோட்டுன்னா முதல்ல பேர் எழுதணும்னு வாத்தியார் சொல்லியிருக்கார். பேர் எத்திராஜ். வயசு அம்பத்தொண்ணு. படிப்பு அஞ்சாங்கிளாஸ், அதுவும் ரெண்டு தடவை. வசுமதி மேடத்துக்குப் பதினோரு வருஷமா கார் ஓட்டறேன். மேடத்துக்கு வயசு நாப்பத்தாறு. கட்டடம் நிக்குமா விழுமான்னு கணக்குப் போட்டுச் சொல்ற எஞ்சினியர். அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் கம்பியே கட்டுவாங்க. இதுவரைக்கும் ஒரு கட்டடத்துல ஒரு கீறல் கிடையாது.

போன மாசம் ஆபீஸ்ல, பூந்தமல்லியில வரப்போற ஒரு கல்யாண மண்டபத்தோட டிராயிங்ல கையெழுத்துப் போடப் பேனா எடுத்தவங்க, ரெண்டு மணி நேரம் பேனாவும் கையுமா அப்படியே உட்கார்ந்திருந்தாங்களாம். அப்புறம்தான் இந்த பிரிசில்லா டாக்டரம்மா. ராத்திரி பகலா உழைச்சு, எல்லாம் நூத்துக்கு நூறா இருக்கணும்னு தன்னையே வறுத்து எடுக்கற பெரிய பெரிய ஆளுங்களுக்குன்னே நடத்தற கவுன்சிலிங். எனக்குப் புரிஞ்ச வரைக்கும், ரேடியேட்டர்ல தண்ணி இல்லாம வண்டி ஓட்டினவங்க வர்ற ஒர்க்‌ஷாப்.

டாக்டரம்மா என்னைத் திட்டலை. மேடத்தைக் கூப்பிட்டு என்னைக் காட்டினாங்க. "இவர் எத்தனை நேரமா காத்திருக்கார்?"

"முக்கால் மணி நேரம்."

"முக்கால் மணி நேரம் ஒண்ணும் செய்யாம இருக்க உங்களால முடியுமா?"

இந்த வாரத்து வீட்டுப்பாடம் அதுதான். சனிக்கிழமை, போன் இல்லாம, என் கூட ஒரு மணி நேரம் சும்மா காத்திருக்கணும். பதினோரு வருஷத்துல எனக்கு முதல் புரமோஷன்.

இந்த நோட்டு எதுக்குன்னா, பொய் சொல்றவனுக்கு ஞாபகசக்தி வேணும், எனக்கு அது இல்ல. கவுன்சிலிங் ரெண்டாவது மாடி. கீழ்த்தளத்துல பல் ஆஸ்பத்திரி. அதனால மேடம் வீட்ல பல்லு டாக்டர்னு சொல்லி வெச்சிருக்காங்க. மேடத்தோட மாமியார், ராஜாமணி பெரியம்மா, மேடத்தைக் கேட்காம என்னைக் கேட்பாங்க. இன்னிக்குக் கேட்டாங்க, எந்தப் பல்லுன்னு. யோசிக்கவே இல்ல, தானா வாய்ல வந்துச்சு: மேல் வரிசை, இடது பக்கம், கடைசி. மறக்கக் கூடாது.

ஜூலை 4, வியாழன்

மேல் வரிசை. இடது பக்கம். கடைசி.

இன்னிக்கு வலது பக்கமாவே மென்னு சாப்பிட்டேன். சும்மா, ஒரு மாறுதலுக்கு.

ஜூலை 6, சனி

முதல் பாடம். ஆபீசுக்குப் பின்தெருவுல ஒரு தூங்குமூஞ்சி மரம், அதுக்குக் கீழே வண்டி. நாலு மணிக்குன்னு பேச்சு. மேடம் மூணே முக்காலுக்கே வந்து நின்னாங்க. காத்திருக்கறதுக்கே கால் மணி நேரம் முன்னாடி வந்த ஆளை இப்பத்தான் பார்க்கறேன்.

முன் சீட்ல உட்கார்ந்தாங்க. பெல்ட் போட்டுக்கிட்டாங்க.

"மேடம், வண்டி ஓடப் போறதில்ல."

"ஓ." கழட்டினாங்க. "எப்ப ஆரம்பிக்கணும் எத்திராஜ்?"

"ஆரம்பிச்சாச்சு மேடம்."

"எங்க பார்க்கணும்?"

"எங்கயும் பார்க்க வேண்டாம். கண்ணு தானா எங்கேயாவது போகும், விட்டுடுங்க."

விட்டாங்க. கண்ணு நேரா எதிர்வீட்டு மாடிச் சுவத்துக்குப் போயிடுச்சு. அந்த பால்கனியில துணி துவைக்கற கல்லு வெச்சது தப்பாம். கல்லு எத்தனை கிலோ இருக்கும், பால்கனி எத்தனை அடி நீட்டியிருக்குன்னு விரல்ல எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. நான் வண்டியைப் பத்தடி பின்னாடி எடுத்தேன். அங்கே வெறும் மரம்தான். கிளை எந்தப் பக்கம் சாயும்னு பார்த்தாங்க. கண்ணை மூடிக்கச் சொன்னேன். மூடிக்கிட்டு, "மூச்சை எத்தனை எண்ணிக்கையில விடணும்?"னாங்க.

"மேடம், நான் மூச்சை எண்ணி விட்டிருந்தா இந்நேரம் செத்திருப்பேன்."

அஞ்சு மணிக்கு டாஷ்போர்டுலேருந்து ஒரு பேப்பரை எடுத்தாங்க. "எனக்கு எத்தனை மார்க்?"

விளையாட்டுக்கு நாப்பதுன்னு சொன்னேன். முகம் சுருங்கிப் போச்சு. படிச்ச காலத்துல தொண்ணூத்தெட்டுக்குக் கீழே வாங்கினதே இல்லையாம். "எதுல போச்சு அறுபது?"ன்னு கேட்டாங்க. வீட்ல இறங்கும்போது, "திங்கட்கிழமை திரும்பச் செய்யலாமா?"ன்னாங்க.

நாப்பதுக்குப் பதிலா நாப்பத்தஞ்சாவது போட்டிருக்கலாம். மனசு கேட்கலை, இருந்தாலும் நியாயம் நியாயம்தானே.

ஜூலை 8, திங்கள்

ஒரு பொய்க்கு எத்தனை கிளை முளைக்குது பாருங்க. பல்லு சரியில்லாதவ எதை மெல்லுவான்னு பெரியம்மா மேடத்துக்கு மூணு வேளையும் குழைஞ்ச ரசம் சோறு, கஞ்சி, வேகவெச்ச கேரட்டுன்னு போடறாங்க. பாசம்தான், ஒண்ணும் சொல்ல முடியாது. பெரியம்மாவுக்கு மருமகள்னா உயிரு. காய்கறிக்காரர்கிட்டகூட "என் மருமகளுக்குத் தப்புன்னா என்னன்னே தெரியாது"ன்னு சொல்லித்தான் வெண்டைக்காய் வாங்குவாங்க. அதனாலதான் மேடத்துக்கு உண்மையைச் சொல்ல வாய் வரலை.

இன்னிக்கு சிக்னல்ல நிக்கும்போது பின்சீட்ல கடகடன்னு ஒரு சத்தம். வண்டியில ஏதோ போல்ட்டு கழண்டுடுச்சுன்னு பயந்துட்டேன். கண்ணாடியில பார்த்தா மேடம் புடவைத் தலைப்பை வாய்க்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டு முறுக்கு தின்னுட்டிருக்காங்க.

வீட்ல என் பொண்டாட்டி சுலோச்சனா கிராம்பு டப்பா காலியாயிடுச்சுன்னு கத்தறா. எலி தின்னிருக்கும்.

ஜூலை 10, புதன்

மேடம் ரெண்டாவது மாடியிலேருந்து இறங்கி வந்தப்ப கண்ணு சிவந்திருந்தது. வண்டியில ஏறி, "கொஞ்சம் சுத்திட்டுப் போங்க எத்திராஜ்"னாங்க. கீழ்ப்பாக்கத்துலேருந்து வீட்டுக்குப் போக மெட்ரோ வேலையால எப்படியும் சுத்தித்தான் போகணும். அதைச் சொல்லலை.

அவங்களா சொன்னாங்க. அந்த மண்டபத்துல நடுவுல தூணே கிடையாது. மாப்பிள்ளை பொண்ணு எல்லாருக்கும் தெரியணுமாம். அத்தனை பெரிய கூரையும் நாலு பக்கத்துச் சுவத்து மேலயும் ஓரத்துத் தூணு மேலயும் நிக்கணும். கீழே ஆயிரம் பேர் பந்தியில உட்கார்ந்து சாப்பிடுவாங்க.

"அந்த ஆயிரம் பேரும் என் தலைமேல இலை போட்டு உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கு எத்திராஜ்."

"கணக்கு தப்பா மேடம்?"

"பதினேழு தடவை பார்த்துட்டேன். சரியா இருக்கு. கையெழுத்துப் போட கை வரலை. இதுவரைக்கும் நான் தப்பே பண்ணினதில்ல. அப்ப முதல் தப்பு இதுவா இருந்தா?"

மண்டபக்காரர் நாவுக்கரசு ஆவணி பிறந்ததும் பூமி பூஜைன்னு நாள் குறிச்சுட்டார். ஆகஸ்ட் பதினாலுக்குள்ள டிராயிங் கையில வேணும். இல்லன்னா வேற எஞ்சினியர்கிட்ட போயிடுவார். போனாப் போகட்டும்னு சொல்லலாம். ஆனா மேடம் சொல்றாங்க, இதுல பேனாவைக் கீழே வெச்சுட்டா இனி எதுலயும் எடுக்க மாட்டேன்னு. ஆபீஸை மூடிடுவாங்களாம். பதினாலு பேர் வேலை செய்யற ஆபீஸ். என்னைச் சேர்த்தா பதினஞ்சு.

டாக்டரம்மா ரெண்டாவது வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்க. கட்டட வேலையில வேண்டாம், வீட்ல, வெளியில, தினம் ஒரு சின்னத் தப்பு பண்ணணும். உலகம் அப்படியே இருக்கான்னு பார்க்கணும்.

ஜூலை 11, வியாழன்

மேடம் தப்புக்கு டைம் டேபிள் போட்டுட்டாங்க. கலர் பேனாவுல. திங்கள், சாம்பார்ல உப்பு குறைவு. செவ்வாய், ரெண்டு காதுல ரெண்டு தோடு. புதன், யாரையாவது தப்பான பேர் சொல்லிக் கூப்பிடறது. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நிரப்பியிருக்காங்க. ஒரு கட்டம்கூடக் கோடு தாண்டலை.

அதை போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினாங்க. பதில் வந்தது. "இதைத் தொலைச்சிடுங்க. அதுதான் இன்னிக்கான தப்பு."

தொலைக்கத் தெரியலை. "எங்க வெச்சா தொலையும்?"ன்னு என்னைக் கேட்டாங்க. என்கிட்ட குடுங்கன்னேன். எங்க வெச்சேன்னு இப்பவே ஞாபகம் இல்ல.

ஜூலை 12, வெள்ளி

மேடம் இன்னிக்கு வலது கால்ல ஒரு செருப்பு, இடது கால்ல வேற செருப்பு. ஆபீஸ்ல ஒருத்தரும் கவனிக்கலையாம். ரொம்ப வருத்தம் அவங்களுக்கு. நான் காலையிலேயே கவனிச்சேன். சொல்லலை. சாயங்காலம் வரைக்கும் எதிர்பார்த்துட்டே இருந்தாங்க.

ஜூலை 16, செவ்வாய்

மேடம் வண்டியில பின்சீட்ல டிராயிங்கை விரிச்சாங்க. அண்ணா நகர் ஆர்ச் தாண்டினதும் பேனாவைத் திறக்கற சத்தம் கேட்டது. நான் பள்ளம் மேடு பார்த்து, முட்டையை மடியில வெச்சவன் மாதிரி ஓட்டினேன். திருமங்கலம் வரைக்கும் பேனா மூடற சத்தம் வரலை. கண்ணாடியில பார்த்தேன். கை பேப்பருக்கு ஒரு விரல் உயரத்துல நிக்குது. ஆடலை. அப்படியே நிக்குது.

ஒரு ஜோக் சொன்னேன். சிரிக்கலை. ஜோக் நல்ல ஜோக்தான்.

ஜூலை 20, சனி

மூணாவது பாடம். அதே மரம். மேடம் கரெக்டா நாலு மணிக்கு வந்தாங்க, அதாவது கால் மணி நேரம் முன்னேறியிருக்காங்க. பத்து நிமிஷம் நெளிஞ்சாங்க. மரத்துலேருந்து ஒரு பூ கண்ணாடி மேல விழுந்தது, வைப்பர் போடச் சொன்னாங்க. மாட்டேன்னேன். அந்தப் பூவையே பார்த்துட்டிருந்தாங்க. அப்புறம் திரும்பிப் பார்த்தா, தலை கதவுப் பக்கம் சாய்ஞ்சு, வாய் திறந்து, நல்ல தூக்கம்.

மேடம் குறட்டை விடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது.

ஆறே காலுக்கு எழுந்தாங்க. போனைப் பார்த்தாங்க. ஒன்பது மிஸ்டு கால். நெஞ்சுல கை வெச்சாங்க. ஒவ்வொண்ணாத் திரும்பக் கூப்பிட்டாங்க. ஒன்பது பேர்ல ஆறு பேர், "அது ஒண்ணும் இல்ல மேடம், நாங்களே பார்த்துட்டோம்"னாங்க. ஒருத்தர் ராங் நம்பர். ஒண்ணு நாவுக்கரசு. இன்னொண்ணு பெரியம்மா, கஞ்சி ஆறிப்போகுதாம்.

"எத்தனை மார்க் எத்திராஜ்?"

"தொண்ணூத்தஞ்சு."

"மீதி அஞ்சு?"

"குறட்டையில சுருதி சேரலை."

இதுக்குச் சிரிச்சாங்க. வண்டி குலுங்கற அளவுக்கு. இத்தனைக்கும் செவ்வாய்க்கிழமை சொன்ன ஜோக் இதைவிட நல்ல ஜோக்.

ஜூலை 24, புதன்

இதை எழுதியே ஆகணும்.

மூணு மணிக்குக் கிளம்பறோம், பெரியம்மா பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வந்து பின்சீட்ல ஏறிட்டாங்க. "ஒரு பல்லை ஒரு மாசமா பார்க்கறான்னா அவன் டாக்டரா கொத்தனாரா? நானே வந்து கேட்கறேன்."

கண்ணாடியில மேடம் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருந்தது.

கீழ்த்தளத்துப் பல் ஆஸ்பத்திரிக்குள்ள மூணு பேரும் போனோம். ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு. "பேரு?"

"வசுமதி," பெரியம்மா சொன்னாங்க.

கம்ப்யூட்டர்ல தேடிச்சு. "இல்லையே. புதுசா வர்றீங்களா?"

"புதுசா? இந்த வாசல்படி தேயற அளவுக்கு வந்துட்டிருக்கா!"

மேடத்துக்கு உதடு அசையுது, சத்தம் வரலை. இன்னும் ஒரு நிமிஷம் விட்டா எல்லாத்தையும் சொல்லி அங்கேயே அழுதுடுவாங்க. பெரியம்மா காய்கறிக்காரர்கிட்ட சொல்ற பேச்செல்லாம் என் மனசுல ஓடிச்சு. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துடுச்சு.

"பெரியம்மா, பல்லு என்னுது."

"என்னடா சொல்றே?"

"பல்லு டாக்டர்னா எனக்குச் சின்ன வயசுலேருந்து பயம். தனியா வர மாட்டேன்னு மேடம்தான் வாராவாரம் கூட்டிட்டு வர்றாங்க. வாசல் வரைக்கும் வருவேன், ஓடிடுவேன். வெளியில தெரிஞ்சா அசிங்கம்னு மேடத்தோட பல்லுன்னு சொல்லச் சொன்னேன். அதான் கம்ப்யூட்டர்ல பேரே ஏறலை."

பெரியம்மா என்னை மேலேருந்து கீழே வரைக்கும் பார்த்தாங்க. "அப்ப உன் பல்லுக்கா நான் இவளுக்கு மூணு வாரமா குழைஞ்ச சோறு போட்டேன்?"

"மன்னிச்சுக்கங்க."

"கட்டிப்போட்டாவது இன்னிக்கு உள்ளே அனுப்பும்மா இவனை," ரிசப்ஷன் பொண்ணுகிட்ட சொன்னாங்க. அது சிரிச்சுக்கிட்டே, "டாக்டர் சும்மாதான் இருக்கார்"னுச்சு. ஊர்ல எத்தனையோ டாக்டர் பிஸியா இருக்கான். இவன் சும்மா இருக்கான்.

மேடம், "நான் மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு வர்றேன் அத்தை"ன்னு நழுவி ரெண்டாவது மாடிக்குப் போயிட்டாங்க. போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதுக்காக இன்னொரு பல்லுகூடக் குடுக்கலாம். அப்ப அப்படித் தோணிச்சு. இப்ப தோணலை.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். எந்தப் பல்லுன்னார். மூணு வாரமா மனப்பாடம் பண்ணினது, தானா வந்தது. "மேல் வரிசை, இடது பக்கம், கடைசி." ஒரு சின்னக் கம்பியால தட்டினார். யாரோ கத்தற சத்தம் கேட்டது. நான்தான்.

பிடுங்கிட்டார்.

ஜூலை 25, வியாழன்

லீவு. மேடம் ஐஸ்கிரீம் அனுப்பினாங்க.

நல்ல பல்லு. விசுவாசத்துக்காகக் குடுத்தேன். டாக்டர் என்னமோ "எத்தனை மாசமா வலி? எப்படித் தாங்கினீங்க?"ன்னு கேட்டார். எல்லார்கிட்டயும் கேட்கறதுதான், பழக்கத்துல கேட்டிருப்பார். சுலோச்சனா பக்கத்துல உட்கார்ந்து, "எலிக்கு இப்ப எப்படி இருக்கு?"ங்கறா. இவளுக்கு என்ன தெரியும்.

ஆகஸ்ட் 7, புதன்

பத்து நாளா நல்லாத்தான் இருந்தாங்க. ஒரு நாள் பாலைப் பொங்க விட்டாங்க. ஒரு நாள் என்னை "தட்சிணாமூர்த்தி"ன்னு கூப்பிட்டுட்டு, திருத்திக்கவே இல்ல. நானும் சாயங்காலம் வரைக்கும் தட்சிணாமூர்த்தியாவே இருந்தேன்.

இன்னிக்கு எல்லாம் போச்சு. நாவுக்கரசு காலையில போன் பண்ணி, இன்னும் ஒரு வாரம்தான் மேடம்னு ஞாபகப்படுத்தினார். மேடம் கவுன்சிலிங்குக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டு, ஆபீஸ்ல கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. நான் கீழே வண்டியில. பகல் சாப்பாடு மேலே போனது, அப்படியே கீழே வந்தது. டாக்டரம்மா என் நம்பருக்கே கூப்பிட்டாங்க. "மேடம் எப்படி இருக்காங்க?"

"கதவு சாத்தியிருக்கும்மா."

"நீங்க என்ன பண்றீங்க?"

"காத்திருக்கேன்."

"அதையே பண்ணுங்க. அவங்க வரும்போது நீங்க அங்க இருக்கணும், அவ்வளவுதான்."

அஞ்சரைக்கு இறங்கி வந்தாங்க. முன் சீட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்தாங்க.

"இருபதாவது தடவையும் சரியா இருக்கு எத்திராஜ்." சொல்லிட்டு அழுதாங்க.

"சரியா இருந்தா எதுக்கு மேடம் அழணும்?"

"ஒரு தப்பாவது கிடைச்சிருந்தா திருத்திட்டு நிம்மதியா கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒண்ணும் கிடைக்கலைன்னா, என் கண்ணுக்குத் தெரியாம எங்கேயோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

அஞ்சாங்கிளாஸ்ல ரெண்டு தடவை உட்கார்ந்தும் இந்தக் கணக்கு எனக்கு வரலை. மரத்தடிக்கு ஓட்டிட்டுப் போய் நிறுத்தினேன். மேடம் மார்க் கேட்கலை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வெள்ளி. பெரியம்மாவையும் மேடத்தையும் அம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். கூழ் ஊத்தினாங்க. எனக்கு ரெண்டு சொம்பு. மெல்ல வேண்டாத சாப்பாடு, இப்பல்லாம் அதுதான் பிடிக்குது.

திரும்பி வரும்போது பெரியம்மா சாதாரணமாக் கேட்டாங்க. "எத்திராஜு, அந்த ரெண்டாவது மாடி டாக்டரம்மா எப்படி, கெட்டிக்காரியா?"

நான் தேவையே இல்லாம ஹாரன் அடிச்சேன்.

"போர்டு எழுதி மாட்டியிருக்கான், எனக்குப் படிக்கத் தெரியாதா? பல்லு பிடுங்கினவன் உனக்குக் கன்னம் வீங்குது, சரி. மருந்துக்கடைக்குப் போய்ட்டு வந்தவளுக்கு ஏன்டா கண்ணு வீங்கணும்?"

மேடம், "அத்தை..."ன்னாங்க.

"நீ பேசாத. நான் பேசறேன். உனக்குத் தப்பே வராதுன்னு ஊரெல்லாம் தமுக்கு அடிச்சது நான்தான். எனக்குப் பேசறதுக்கு வேற என்ன விஷயம் இருக்கு? உம் புருஷன் மஸ்கட்ல உட்கார்ந்திருக்கான், அவனைப் பத்தி ரெண்டு வார்த்தைக்கு மேல என்ன சொல்ல முடியும்? உன்னைச் சொன்னாத்தான் வெண்டைக்காய்க்காரன்கூட வாயைப் பொளந்துட்டுக் கேட்கறான். அதுக்காக நீ அதையெல்லாம் நிஜம்னு எடுத்துக்குவியா?"

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துட்டு மண்டபத்தைப் பத்தி எல்லாத்தையும் சொன்னாங்க. ஆயிரம் பேர், தூண் இல்லாத கூரை, பேனா, கை. பெரியம்மா கடைசி வரைக்கும் குறுக்கே பேசலை. அது இந்த வண்டியில இதுவரைக்கும் நடந்ததில்ல.

"எத்தனை தடவை பார்த்தே?"

"இருபது."

"உன்னைப் பொண்ணு பார்க்க நான் ஒரு தடவைதான்டி வந்தேன். ரெண்டு பஜ்ஜி தின்னேன். பஜ்ஜியில உப்பு இல்ல. சரின்னுட்டு வந்துட்டேன். இருபத்திரண்டு வருஷமா நிக்குது."

மேடம் அழறாங்களோன்னு கண்ணாடியைப் பார்த்தேன். முந்தானையை வாயில வெச்சு அடக்கிக்கிட்டுச் சிரிக்கறாங்க. "உப்பு இல்லைன்னு இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே அத்தை?"

"சொன்னா திருத்த உட்கார்ந்துடுவே. எனக்கு அன்னிக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஆகஸ்ட் 12, திங்கள்

பேனா வாங்கினாங்க. ஏற்கெனவே பன்னெண்டு இருக்கு.

பெரியம்மா முறுக்கு சுட்டிருக்காங்க. மேடத்துக்கு ஒரு டப்பா. எனக்குக் கஞ்சி. "நீ பல்லு பிடுங்கினவனாச்சே"ங்கறாங்க. சிரிக்கவும் மாட்டேங்கறாங்க.

ஆகஸ்ட் 14, புதன்

காலையில எட்டரைக்குக் கிளம்பினோம், பூந்தமல்லி. டிராயிங் பின்சீட்ல, பதினாலு பெரிய தாள், இன்னும் கையெழுத்து இல்ல. ஆபீஸ்ல போடலை. வீட்லயும் போடலை. "அங்க போய்ப் பார்த்துக்கலாம்"னாங்க. இதைச் சொல்றது மேடம்தானான்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

மண்டபம் வரப்போற இடம் வெறும் பொட்டல். நாலு வேப்பமரம், ஒரு பழைய கேட்டு, அதுக்கு ரெண்டு பக்கமும் கல் தூணு. நாவுக்கரசு நாற்காலி போட்டு உட்கார்ந்து, போன்ல சமையல்காரர் யாரையோ திட்டிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "வாங்க மேடம், கொண்டு வந்துட்டீங்களா?"

"ஒரு பத்து நிமிஷம் குடுங்க," மேடம் சொன்னாங்க. "கொஞ்சம் காத்திருக்கணும்."

"யாருக்கு மேடம்? யாராவது வர்றாங்களா?"

"இல்ல. சும்மா."

அவர் தலையைச் சொறிஞ்சுட்டு நாற்காலிக்குப் போயிட்டார். நாங்க வேப்பமரத்தடியில பானெட்ல சாய்ஞ்சு நின்னோம். ஒரு ஆடு வந்து டயரை மோந்து பார்த்துட்டுப் போச்சு. மேடம் அந்தப் பொட்டலையே பார்த்தாங்க. நடுவுல தூண் இல்லாத இடத்தைப் பார்த்திருப்பாங்க. இல்ல, ஆட்டைப் பார்த்திருப்பாங்க. நான் கேட்கலை.

"இங்கதான் எல்லாரும் சாப்பிடப் போறாங்க," அவங்களா சொன்னாங்க.

"ஆமா மேடம். பாயசம் இருக்கும்."

பேப்பர் சுருளை எடுத்து பானெட் மேல விரிச்சாங்க. காத்துக்குப் பறக்காம நான் ரெண்டு மூலையைப் பிடிச்சுக்கிட்டேன். பானெட் சூடு, விரல் பொரியுது. முதல் தாள் போட்டாங்க. ரெண்டாவது போட்டாங்க. மூணாவதுல கை நின்னுடுச்சு. அதே மாதிரி, ஒரு விரல் உயரத்துல.

எனக்கு ஒரு ஜோக் ஞாபகம் வந்தது. சொல்லலை. காத்திருந்தேன். எத்தனை நேரம்னு தெரியலை. ஆடு ஒரு ரவுண்டு போயிட்டுத் திரும்ப வந்தது.

"இது நிக்கும் எத்திராஜ்," மேடம் சொன்னாங்க. என்கிட்ட சொன்ன மாதிரி இல்ல.

கை இறங்குச்சு. மூணு, நாலு, அஞ்சு, பதினாலு வரைக்கும் நிறுத்தலை. கடைசித் தாள்ல மை கொஞ்சம் பரவிடுச்சு. ஊதினாங்க, விட்டுட்டாங்க. சுருட்டி நாவுக்கரசு கையில குடுத்தாங்க. அவர் நல்ல நேரம் பார்த்துத் திறக்கணும்னு பிரிக்காமலே கண்ணுல ஒத்திக்கிட்டார். எங்களுக்கு டீ வந்தது. மேடம் பாதி டீயில டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினாங்க. "போட்டுட்டேன்"னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. அந்தப் பக்கம் டாக்டரம்மா கத்தின சத்தம் எனக்கே கேட்டது.

எனக்கும் சந்தோஷம். ஆபீஸ்ல பதினாலு பேர், நான் ஒருத்தன், எல்லாருக்கும் நாளைக்கு வேலை இருக்கு. அந்தச் சந்தோஷத்துல வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன். பின்பக்கம் நேராப் போய் கேட்டுத் தூணுல இடிச்சுது. நல்ல இடி.

மேடம் இறங்கினாங்க. தூணைப் பார்த்தாங்க. உள்ளங்கையால ஒரு தட்டு தட்டினாங்க. தூணுக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லிட்டு ஏறி உட்கார்ந்தாங்க.

வண்டியில இடது பக்கத்துப் பின்விளக்கு உடைஞ்சது. டிக்கி திறக்க மாட்டேங்குது. முறுக்கு டப்பா உள்ளே இருக்கு.